டிம்மருக்கு ‘ஒளிமங்கி’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடு வியாழனுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிம்மருக்கு ‘ஒளிமங்கி’ என்று போட்டிருந்தேன். “ஒளிமங்கி எரிந்திருந்தால் டிரையாக்கைச் சோதிக்கவும்” என்ற வரியை வகுப்பில் வாசிக்கக் கொடுத்தால், விளக்கு மங்கலாக எரிவதாகப் பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள். டிம்மருக்குள் மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்னணுச் சுவிட்சுதான் டிரையாக். அது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அப்போது குமிழை எப்படித் திருகினாலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். நேர் எதிர்! வேறு சொல் தாருங்கள்.

—

ஐயா, மாணவர்கள் மேல் தப்பில்லை, ‘மங்கி’ வினையெச்சமாகவும் நிற்குமே. அதோடு மங்கு தன்வினை. கருவி மங்கச் செய்கிறது, பிறவினை வேண்டாமா? அடங்கு–அடக்கு, இறங்கு–இறக்கு, முடங்கு–முடக்கு. அந்த வரிசையில் மங்கு–மக்கு. ஆகவே ‘ஒளிமக்கி’.

—

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தொட்டியில் எழுதியிருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஒடுங்கு–ஒடுக்கு இருக்க இது எதற்கு? ‘ஒளியொடுக்கி’ என்போம். டிரையாக்கையும் விடக்கூடாது. அது தைரிஸ்டர் எனும் மின்னணுச் சுவிட்சுக் குடும்பம், அந்தப் பெயருக்குள் இருப்பது கதவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நம்மிடம் சங்கத் தமிழின் ‘கதவம்’ இருக்கிறது. இரு திசையிலும் மின்னோட்டத்தை விடுவதால் ‘இருவழிக் கதவம்’. சுமார் 32 வோல்ட் வந்ததும் அதைத் தட்டித் திறக்கிற டயாக்குக்குத் ‘தட்டி’.

—

கதவமும் தட்டியும் கேட்டால் கடைக்காரர் மரக்கடைக்கு வழி காட்டுவார். பி.டி.136 என்று டிரையாக்கின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், எடுத்துத் தருவார். மெயினை அணைத்து, டிரையாக்கைக் கழற்றி, அதன் இரு முக்கிய முனைகளான எம்.டி.1, எம்.டி.2 கால்களில் மீட்டரை ஓம் அளவில் வைத்து, சைபரை ஒட்டிக் காட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். குண்டு பல்பு ஃபியூஸ் ஆகிற நொடியில் பாய்கிற மின்னோட்டமே பல சமயம் அதைத் தீர்த்துவிடும். இதெல்லாம் சொல்ல எனக்கு டிம்மர் போதும். உங்கள் வரியைக் கெடுத்தது ‘எரிந்திருந்தால்’ தான். விளக்கும் எரிகிறது, சர்க்யூட்டும் எரிகிறது. ‘கருகியிருந்தால்’ என்று மாற்றுங்கள்.

—

சரி, கருகட்டும். மூன்று பேர் தலையாட்டிவிட்டதால் தலைப்பில் ஒளியொடுக்கி, உள்ளே டிம்மர். டிரையாக் டிரையாக்காகவே இருக்கும். நாளை அனுப்பிவிடுகிறேன்.

—

என் எதிர்ப்பு பதிவாகட்டும். அது ஒளியை ஒடுக்குவதே இல்லை. நம் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தில் அரையலை ஒன்றுக்கு 10 மில்லிநொடி, அதில் கொஞ்சம் தாமதித்துத் திறக்கிறது, அவ்வளவுதான். ‘தாமதி’ என்று வைத்தால் என்ன?