ஸ்லட்ஜ் இறங்கவே மாட்டேன் என்கிறது, பாக்டீரியா பவுடர் போட்டும் பலனில்லை (அவசரம்)

இடிபி_ஆபரேட்டர்: எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் (இடிபி) கிளாரிஃபயரில் (படிய வைக்கும் தொட்டி) ஸ்லட்ஜ் (நுண்ணுயிர்ச் சேறு) கீழே இறங்காமல் மேலே வந்து தண்ணீரோடு போகிறது. பாக்டீரியா பவுடர் இரண்டு தடவை போட்டாயிற்று. இன்னும் எவ்வளவு போட வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி: எந்தத் தொழிற்சாலைக் கழிவு? டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்), எம்.எல்.எஸ்.எஸ். (காற்றூதும் தொட்டி நீரில் உள்ள ஸ்லட்ஜின் அளவு) எவ்வளவு?

காற்றூதி: டி.ஓ.தான் காரணம், சந்தேகமே வேண்டாம். லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே போனால் இழை பாக்டீரியா பெருகிவிடும். காற்றூதும் ப்ளோயரின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

பழையகை: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? அளவுகளைக் குறித்துவைக்காமல் பிளான்ட் ஓட்டக் கூடாது, தம்பி. முதலில் எஸ்.வி.30 (தொட்டி நீர் ஒரு லிட்டரை 30 நிமிடம் அசையாமல் வைத்தால் படியும் ஸ்லட்ஜ், மி.லி.யில்) எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இடிபி_ஆபரேட்டர்: மன்னிக்கவும், ஸ்டார்ச் ஆலை. எஸ்.வி.30 900, எம்.எல்.எஸ்.எஸ். 3000, டி.ஓ. 1.4. உள்ளே வரும் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 2000. வெளியேறும் நீரில் அமோனியா பூஜ்யம், அது நல்லதுதானே?

நுண்ணோக்கி: இல்லை, சிக்கலே அங்கேதான் இருக்கிறது: அமோனியாவில் இருப்பது நைட்ரஜன், அது மிஞ்சவே இல்லை. 900-ஐ 1000-ஆல் பெருக்கி 3000-ஆல் வகுத்தால் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்தபின் பிடிக்கும் இடம், மி.லி.யில்) 300. 150-ஐத் தாண்டினாலே பல்கிங் (ஸ்லட்ஜ் உப்பிப்போய் இறங்காமல் இருப்பது) என்போம். ஸ்டார்ச் கழிவில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் குறைவு. பி.ஓ.டி. 100 என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 வேண்டும். உங்கள் 2000-க்கு நைட்ரஜனே லிட்டருக்கு 100 மி.கி. ஆகிறது. அது கிடைக்காதபோது நுண்ணுயிர் வழவழப்பான கொழகொழப்பைச் சுரக்கும், இழைகளும் வளரும். இரண்டுமே ஸ்லட்ஜை இறங்க விடாது. கழிவில் ஏற்கெனவே உள்ளதை அளந்து கழித்துக்கொண்டு, குறைகிற அளவுக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் (பாஸ்பரஸ் உள்ள உரம்) போடுங்கள். பவுடரை நிறுத்துங்கள். பட்டினி கிடக்கும் இடத்தில் புது ஆட்களை இறக்கினால் அவர்களும் பட்டினிதான்.

கல்ச்சர்_நண்பன்: பவுடரை இப்படி ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். எங்கள் டேங்கில் விஷக் கழிவு வந்து எல்லாம் செத்தபோது கல்ச்சர் (இதே பாக்டீரியா பவுடர்) போட்டுத்தான் மீண்டோம்.

பழையகை: காத்திருந்தாலும் மீண்டிருப்பீர்கள். 1914-இல் மான்செஸ்டரில் இந்த ஸ்லட்ஜ் முறையை உருவாக்கிய ஆர்டெர்னும் லாக்கெட்டும் பாக்கெட் வாங்கியா போட்டார்கள்? சாக்கடை நீரில் காற்றூதி, படிந்ததைக் கொட்டாமல் வைத்துக்கொண்டே புது நீர் விட்டார்கள். படிவு தானாக வீரியம் பெற்றது.

கல்ச்சர்_நண்பன்: காத்திருக்கிற நாட்களில் ஆலையை மூடுவதா? நைட்ரிஃபயர்கள் (அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா) எவ்வளவு மெதுவாக வளரும் என்று உங்களுக்குத் தெரியாதா?

நுண்ணோக்கி: அப்படிப்பட்ட நேரத்தில் நன்றாக ஓடும் வேறொரு பிளான்ட்டின் ஸ்லட்ஜைக் கொண்டுவந்து ஊற்றலாம், உயிரோடு வேலை செய்துகொண்டிருப்பவை அவை. ஆனால் இவர் டேங்கில் எதுவும் சாகவில்லை. தயவுசெய்து அவர் கேள்விக்கு வருவோம்.

காற்றூதி: டி.ஓ. 1.4 என்றாரே! ஃபில்டரைப் பார்த்தாரா இல்லையா?

இடிபி_ஆபரேட்டர்: பத்து நாள் ஆயிற்று. யூரியா போடுகிறோம், எஸ்.வி.30 520-க்கு இறங்கிவிட்டது. ஃபில்டரும் அடைத்துத்தான் இருந்தது, மாற்றினோம். ரொம்ப நன்றி.

நுண்ணோக்கி: நல்ல செய்தி. டி.ஏ.பி. போடுகிறீர்களா? வெளியேறும் நீரில் பாஸ்பேட் பார்த்தீர்களா?

நுண்ணோக்கி: பார்த்ததும் அளவை இங்கே போடுங்கள்.