'ஸி தெந்த்ரீயா' ஏன் தப்பு? தெனேர் வினையில் மாட்டிக்கொண்டேன்

காலைப்பாடம்:
ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. 'எனக்கு நேரம் இருந்தால் போவேன்' என்பதற்கு 'ஸி தெந்த்ரீயா தியெம்போ, இரீயா' என்று எழுதினேன் ('ஸி' என்பது நம் 'ஆல்', தியெம்போ என்றால் நேரம், தெந்த்ரீயா என்பது 'இருப்பது, வைத்திருப்பது' என்று பொருள்படும் தெனேர் வினையின் ஒரு வடிவம்). ஆசிரியை முதல் பாதியில் தெந்த்ரீயாவை மட்டும் அடித்துவிட்டு, அதே வினையின் இன்னொரு வடிவமான 'துபியேரா' என்று திருத்தியிருக்கிறார். தெந்த்ரீயாதானே நிபந்தனை வடிவம்? நிபந்தனை வருகிற இடத்திலேயே போடக்கூடாது என்றால் வேறு எங்கேதான் போடுவது? போதாக்குறைக்கு, நான் வாரம் ஒருமுறை பேசிப் பழகுகிற பில்பாவோக்காரர் (வட ஸ்பெயினில் பாஸ்க் பகுதி ஊர்) கூசாமல் 'ஸி தெந்த்ரீயா' என்றுதான் சொல்கிறார். ஒரு கதையில் 'தெந்த்ரீயா கின்ஸே ஆன்யோஸ்' (கின்ஸே ஆன்யோஸ் என்றால் பதினைந்து வயது) என்று வேறு படித்தேன், அதில் 'ஸி'யே இல்லை.

வினைமுற்று:
பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள். நிபந்தனை வடிவம் என்று பெயர் இருந்தாலும் அது உட்காருவது நிபந்தனையில் இல்லை, விளைவில். 'போவேன்' என்பதுதான் இரீயா. 'இருந்தால்' என்பதற்குத் துபியேரா, இல்லாவிட்டால் துபியேஸே, இரண்டும் சரி. நமக்கு ஏன் இடறுகிறது என்றால், நேரம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதோ இல்லையோ, தமிழில் 'நேரம் இருந்தால் போவேன்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவோம். அவர்களோ, நிஜமாகவே கிடைக்கலாம் என்றால் 'ஸி தெங்கோ தியெம்போ, இரே' என்பார்கள், கிடைக்கப்போவதில்லை, சும்மா நினைத்துப் பார்க்கிறேன் என்றால் 'ஸி துபியேரா தியெம்போ, இரீயா'.

வடக்குக்காற்று:
பில்பாவோக்காரர் மேல் தப்பில்லை. பாஸ்க் பகுதி, நவார்ரா, ரியோஹா, புர்கோஸ் பக்கமெல்லாம் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள், அது அந்த வட்டாரத்து வழக்கு. ஆனால் ஸ்பானிஷ் அகாடமி அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது, தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

அதற்காக 'ஸி' பக்கத்தில் தெந்த்ரீயா வரவே வராது என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள், நான் அப்படிச் செய்து ஒரு வருடம் சரியான வாக்கியங்களையெல்லாம் தப்பாகத் திருத்திக்கொண்டிருந்தேன். 'நோ ஸே ஸி தெந்த்ரீயா தியெம்போ' சரியான வாக்கியம்தான். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'எனக்கு நேரம் இருக்குமா என்று தெரியவில்லை.' இங்கே 'ஆல்' இல்லை, 'ஆ' தான் வருகிறது. தமிழில் 'இருந்தால்' வந்தால் துபியேரா, 'இருக்குமா என்று' வந்தால் தெந்த்ரீயா போடலாம். இந்த 'ஸி' வேறு, அந்த 'ஸி' வேறு.

பழையமாணவன்:
கதையில் வந்த கின்ஸே ஆன்யோஸுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 'அப்போது அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும்' என்று நாம் சொல்வதில்லையா, அந்த 'இருக்கும்' தான் இது. நடந்து முடிந்த ஒன்றை உத்தேசமாகச் சொல்வது. இப்போதைய வயதை உத்தேசமாகச் சொல்ல எதிர்கால வடிவம், 'தெந்த்ரா கின்ஸே ஆன்யோஸ்'. தமிழில் இரண்டுக்கும் 'இருக்கும்' போதும், அவர்கள் காலத்தைப் பிரித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். மரியாதையாகக் கேட்கும்போதும் இதே கதை. 'ஒரு நிமிடம் இருக்கிறதா' என்பதைவிட 'இருக்குமா' மென்மையாக இருக்கிறது இல்லையா, அதேபோல் 'தியேனே உன் மொமெந்தோ'வை விட 'தெந்த்ரீயா உன் மொமெந்தோ' பணிவு.

நடுவில் அந்த 'த்' எங்கிருந்து வந்தது என்று குழம்பவேண்டாம். தெனேர் நடுவில் உயிரெழுத்து உதிர்ந்து ன்-னும் ர்-உம் மோதின, உச்சரிக்கச் சிரமமாக இருந்ததால் இடையில் ஒரு மெய் நுழைந்துவிட்டது. எதிர்காலமும் நிபந்தனை வடிவமும் ஒரே அடிச்சொல், ஒன்று தெரிந்தால் இன்னொன்றும் வந்துவிடும்.

காலைப்பாடம்:
'இருக்கும்' விஷயம் சட்டென்று பிடிபட்டது, நன்றி. அப்படியென்றால் 'நேரம் இருந்திருந்தால் போயிருப்பேன்' என்பது 'ஸி உபியேரா தெனீதோ தியெம்போ, அப்ரீயா ஈதோ'?

வினைமுற்று:
அதேதான். பின்பாதியில் அப்ரீயாவுக்குப் பதிலாக உபியேரா போட்டாலும் தப்பில்லை. முன்பாதியில் மட்டும் அப்ரீயா வேண்டாம், பில்பாவோக்காரர் என்ன சொன்னாலும்.