ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருப்பது தெரிந்தால் ரிப்போர்ட்டில் எழுதுகிறீர்களா?

சிரியம் சயாமா:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் சிரியம் சந்தைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் எட்டு வருஷமாகக் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிறேன். வைத்தியம் பார்க்கிற பெண்களை இங்கே சயாமா என்பார்கள். நம்ம தமிழ்ப் பெண்கள் நிறைய வருவார்கள். இந்த வாரம் நான் எழுதிய ஒரே ஒரு வரி ஒரு வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். தலைப்பிரசவம், 33 வாரம். கரண்ட் போய், மெஷின் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எடை, பனிக்குடத்துப் பனிநீர், நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாம் பார்த்து முடித்து, முதுகெலும்பைத் தொடர்ந்து மேலே போனேன். பிடரித் தோலில் ஒரு பள்ளம், நகத்தால் அழுத்திவிட்ட மாதிரி. அந்தப் பள்ளத்துக்குள் தொப்புள்கொடி உட்கார்ந்திருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற கலர் போட்டதும் சிவப்பும் நீலமுமாகப் பற்றிக்கொண்டது. புரோபைத் திருப்பிக் குறுக்கே பார்த்தேன், கழுத்தைச் சுற்றி முழு வளையம். ஒரு சுற்று. துடிப்பு 144. குழந்தை பாட்டுக்கு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'கழுத்தில் கொடி, ஒரு சுற்று' என்று இங்கிலீஷில் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே கூட்டம். அவளிடம் "குழந்தை நல்லா இருக்கும்மா" என்றதோடு சரி, அந்த வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் கிளினிக் கதவைத் திறக்கும் முன்பே மாமியார் வந்து நிற்கிறார். மருந்துக்கடையில் யாரோ அந்த வரியைப் படித்துப் பர்மியத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது தமிழாகி வீட்டுக்குப் போனபோது "கொடி கழுத்தை நெரிக்குது" என்று ஆகிவிட்டது. அதற்குமேல் மாமன் விஷயம் வேறு. கொடி மாலையா சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆகாது என்பார்களே! மலேசியாவில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் பிரசவத்துக்கு வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். வரவே வேண்டாம் என்று போன் போட்டுவிட்டார்கள். பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு, 35 வாரத்திலேயே நாள் பார்த்து ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்கிறார். அந்தப் பெண் ரிப்போர்ட் கிடைத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கண்ணில் பட்டதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. எழுதினால் இப்படி ஆகிறது.

பெகு ஆச்சி:

மகளே, நான் முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவள். இப்போது ரிட்டயர்டு. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் தலை வெளியே வந்ததும் என் விரல் நேரே கழுத்துக்குத்தான் போகும். கயிறு மாதிரி வழுவழுப்பாகத் தட்டுப்படும், உள்ளே துடிக்கிறதும் தெரியும். பத்து மாதம் நிறைந்து பிறக்கிறதில் நாலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று இப்படித்தான் வரும். தளர்வாக இருந்தால் தலைக்கு மேலே மாலையைக் கழற்றுகிற மாதிரி கழற்றிவிடுவோம். பாதிப் பேருக்கு நாங்கள் சொன்னதுகூட இல்லை.

கழற்ற வராவிட்டாலும் அவசரப்பட்டு வெட்டக்கூடாது. குழந்தையின் தலையை அம்மாவின் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் உடம்பு குட்டிக்கரணம் போட்டு வெளியே வந்துவிடும், அப்புறம் சுற்றை எடுத்துவிடலாம். தோள் வருவதற்கு முன்னால் கொடியைக் கட்டி வெட்டுவது வேறு வழியே இல்லாதபோதுதான். வெட்டிவிட்டால் குழந்தைக்குப் போகிற ரத்தம் அந்த நொடியே நின்றுபோகும், பிறகு தோளில் தாமதமானால் பெரிய ஆபத்து.

மாமன் விஷயத்தில் அந்த மாமியாரோடு வாதாடாதே. எண்ணெயில் முகம் பார்க்கிற சடங்குதான் இருக்கிறதே. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, குழந்தையின் நிழலை மாமன் முதலில் அதில் பார்த்துவிட்டு அப்புறம் நேரில் பார்க்கட்டும். என் அம்மா காலத்திலிருந்து செய்கிறோம். யாருக்கும் நஷ்டமில்லை, அண்ணனும் வந்து சேர்வான்.

ரங்கூன் ராடியாலஜி:

தங்கச்சி, நீங்கள் பார்த்த முறை சரி. நீளவாட்டில் பள்ளம், குறுக்கே முழு வளையம் என்று இரண்டையும் பார்த்திருக்கிறீர்கள். பலர் நீளவாட்டில் மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. கழுத்துக்குப் பக்கத்தில் சும்மா சுருண்டு கிடக்கிற கொடிகூடச் சுற்று மாதிரியே தெரியும். பிடரித் தோலின் மடிப்பு ஏமாற்றும். கலர் போட்டால் கழுத்துக்குள் ஓடுகிற குழந்தையின் சொந்த ரத்தக்குழாய்களும் மின்னும், அதனால் நிறம் தோலுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சுற்றென்றால் பள்ளம் ஒன்று, இங்கிலீஷ் யூ எழுத்துப் போல. இரண்டு சுற்றென்றால் பள்ளம் இரண்டு, டபிள்யூ போல. மாதம் ஏற ஏற, தலை இடுப்புக்குள் இறங்கி, பனிநீரும் குறைவாக இருந்தால் நிச்சயமாகச் சொல்வது கஷ்டம்தான். ஸ்கேனில் தெரியாததும் பிரசவத்தில் இருக்கும், தெரிந்ததும் இருக்காது.

இன்னொன்று, எவ்வளவு இறுக்கம் என்பதைப் படம் சொல்லாது. 33 வாரத்தில் குழந்தை புரள இடம் இருக்கிறது. இன்று சுற்றும், நாளை தானாகக் கழன்றுவிடும். கொடி சராசரி 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம். உள்ளே இருக்கிற மூன்று குழாய்களையும் சுற்றி ஜெல்லி மாதிரி ஒரு மெத்தை இருக்கிறது, லேசில் நசுங்காது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். இந்த மாதத்தில் ஒற்றைச் சுற்றை நான் தேடிப் போவதில்லை, கண்ணில் பட்டாலும் எழுதுவதில்லை. பிரசவம் நெருங்கி, இரண்டு மூன்று சுற்று தெளிவாகத் தெரிந்தால் எழுதுவேன். எழுதினால் தனி வரியாக விடமாட்டேன். வளர்ச்சி எப்படி, பனிநீர் எவ்வளவு, கொடி ரத்த ஓட்டம் எப்படி, துடிப்பு எத்தனை, எல்லாம் அதே இடத்தில் சேர்ந்து இருக்கும். அப்போதுதான் படிக்கிற டாக்டருக்கு அந்த வரியின் எடை தெரியும்.

ஆபரேஷனைப் பற்றி: கொடி சுற்றியிருப்பது மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது. 35 வாரத்தில் எடுத்தால் நுரையீரல் முதிராமல் குழந்தை மூச்சுக்குத் திணறலாம். இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தில் கொண்டுபோய் விடுவது அது. அரிதாகச் சிலருக்கு வலி நேரத்தில் கொடி இறுகித் துடிப்பு இறங்கும். அதை அப்போது கண்காணித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மோல்மேன் அம்மா:

நான் டாக்டர் இல்லை, மூன்று பிள்ளைகளின் அம்மா. ராடியாலஜி அண்ணன் எழுதமாட்டேன் என்று சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் இரண்டாவது பையன் இரண்டு சுற்றோடு பிறந்தான். நர்சுகள் தங்களுக்குள் பேசியதை வைத்துத்தான் எனக்கே தெரியும். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கையைத் தூக்கிக் கொடியில் துணி காயப்போட்டதால்தான் இப்படி ஆச்சு என்று வீட்டில் சொன்னார்கள். ஆறு மாதம் அதை நம்பி அழுதேன். குழந்தை உள்ளே புரள்வதால் தானாக நடப்பது, அம்மா கையைத் தூக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூன்றாவது பிள்ளைக்கு ஒரு சயாமா சொல்லித்தான் தெரியும். சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

காகிதத்தில் எழுதுவது உங்கள் இஷ்டம். ஆனால் எங்களிடம் வாயால் சொல்லுங்கள். நாங்கள் தாங்குவோம்.

சிரியம் சயாமா:

மூன்று பேருக்கும் நன்றி. மோல்மேன் அம்மா சொன்னதுதான் எனக்கு உறைத்தது. எழுதியதைவிட, எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டதுதான் நான் செய்த தப்பு.

நேற்று சாயந்திரம் கூட்டம் ஓய்ந்த பிறகு மாமியாரையும் மருமகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மெஷினைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்தேன். மாமியார் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார், கண் கலங்கிவிட்டது. வயிற்றுக்குள் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை, அந்தக் கொடி வழியாகத்தான் காற்றும் சாப்பாடும் போகிறது, அதனால் கழுத்தை நெரித்து மூச்சு நிற்கும் என்ற பேச்சே இல்லை என்று தமிழிலேயே சொன்னேன். "அப்ப கொடிக்குள்ள ஓட்டம் நல்லா இருந்தா போதுமா?" என்று கேட்டார். டாக்டர்கள் கேட்கிற கேள்வி அது. ஓட்டத்தையும் அளந்து காட்டினேன், நன்றாக இருந்தது. சுற்று இன்னும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் காட்டினேன்.

ரிப்போர்ட்டைப் புதிதாக அடித்துக் கொடுத்தேன், ராடியாலஜி அண்ணன் சொன்னபடி எல்லாம் ஒரே இடத்தில். அதன் கீழே 'தற்போது சிகிச்சை தேவையில்லை, பிரசவ முறையை மாற்ற வேண்டியதில்லை' என்று பர்மியத்தில் ஒரு வரியும் சேர்த்தேன், மருந்துக்கடையில் படித்தாலும் அதையே படிக்கட்டும் என்று.

மாமியாருக்கு ஒரு வேலையும் கொடுத்தேன். சாப்பிட்டபின் மருமகளை இடது பக்கம் படுக்கவைத்து, ஒரு கிண்ணத்தில் பத்துப் புளியங்கொட்டை. குழந்தை அசையும்போதெல்லாம் ஒன்றை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்தும் மாறாவிட்டால், அல்லது வழக்கத்தைவிட அசைவு குறைந்த மாதிரி தோன்றினாலே, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொடி சுற்றியிருக்கோ இல்லையோ, எல்லாக் கர்ப்பிணிக்கும் இதுதான் என்று அழுத்திச் சொன்னேன்.

ஆச்சி, எண்ணெய்க் கிண்ண யோசனையைச் சொன்னதும் அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். மலேசியாவில் இருக்கிற தன் அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

இன்று காலை மாமியார் கூப்பிட்டார். முக்கால் மணி நேரத்திலேயே பத்துக் கொட்டையும் கிண்ணம் மாறிவிட்டதாம். திரும்பவும் எண்ணலாமா என்று கேட்கிறார்.