பட்டுத்துணி கடிதத்துல இருந்து ஒத்துழையாமைக்கு: தேவ்பந்த் மதரசா உலமா (மார்க்க அறிஞர்கள்) ஆயுத வழியில இருந்து மாறுனது தந்திரமா, வேற வழியில்லாமயா?

முருங்கைமரம்:
என் கட்சி, வேற வழியில்லாமதான். 1915ல தேவ்பந்த்ல ஓதுன உபைதுல்லா சிந்தி ஆப்கானிஸ்தான் காபூல் போறாரு, அங்க ராஜா மகேந்திர பிரதாப் ஜனாதிபதி, பரக்கத்துல்லா பிரதமர், சிந்தி உள்துறைன்னு இந்தியாவுக்கு ஒரு தற்காலிக அரசாங்கமே போடுறாங்க, அங்கருந்து ஹிஜாஸ்ல (மக்கா, மதீனா இருக்குற பகுதி) இருந்த உஸ்தாத் (ஆசான்) மஹ்மூத் ஹசனுக்கு பட்டுத்துணில எழுதி அனுப்புன கடிதம் 1916ல வெள்ளைக்காரன் கையில மாட்டி, கடைசில அந்த வயசான மனுஷனை மால்டா தீவுல கொண்டுபோய் அடைச்சுட்டான். துருக்கியும் போர்ல தோத்தாச்சு. அப்புறம் அகிம்சை பேசாம என்ன பண்ணுவாங்க?

கடலோர_பாய்:
அண்ணே, தேதிய பாருங்க. ஜமியத்துல் உலமாங்கிற உலமா சங்கம் ஆரம்பிச்சது 1919, உஸ்தாத் மால்டாவுல இருந்து விடுதலையானது 1920. அதாவது அவர் வர்றதுக்கு முன்னாடியே அவர்கிட்ட படிச்ச முஃப்தி கிஃபாயத்துல்லா, லக்னோ ஃபிரங்கி மஹல் மதரசாவோட அப்துல் பாரி இவங்கல்லாம் கணக்கு போட்டு முடிச்சுட்டாங்க. ஆயுதம்னா ஆப்கான் அமீர் தயவு வேணும், துருக்கி தயவு வேணும். அந்நியத் துணிய விடுறதுக்கு யார் தயவும் வேணாமே.

முருங்கைமரம்:
துருக்கி சுல்தானா இருந்த கலீபாவ காப்பாத்த காந்தி தேவைப்பட்டாரு, அவ்ளோதான் பாய்.

கடலோர_பாய்:
கிலாஃபத்தை, அதாவது கலீபா பதவியத்தான் 1924ல துருக்கிக்காரனே ஒழிச்சுட்டானே! அப்புறமும் 1930ல சட்டமறுப்புக்கு ஏன் வந்தாங்க? 1938ல உஸ்தாதோட மாணவர் ஹுசைன் அஹ்மத் மதனி, இந்தக் காலத்துல தேசம் மண்ணை வச்சுத்தான், மதத்தை வச்சு இல்லன்னு பேசி கவிஞர் இக்பால்கிட்ட கவிதையிலயே வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அதுக்கும் கலீபாதான் காரணமா?

டீக்கடை_பெஞ்ச்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு பேரும் உலமான்னா ஏதோ ஒரே ஆள் மாதிரி பேசுறீங்க. அஷ்ரஃப் அலி தானவியும் தேவ்பந்த்ல ஓதுனவர்தான், காங்கிரஸ் பக்கமே தலைவச்சு படுக்கல. ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி 1945ல ஜமியத்துல் உலமாயே இஸ்லாம்னு தனிக்கடை போட்டு, பாகிஸ்தான் கேட்ட முஸ்லிம் லீக் பக்கம் நின்னாரு. மதரசா ஒண்ணுதான், கணக்கு மூணு.

முருங்கைமரம்:
சரி, அத ஒத்துக்கிறேன். ஆனா மதனி கூட்டமும் சும்மா வரல, 1921லயே பீகார்ல இமாரத்தே ஷரீஆன்னு தனி அமைப்பு வச்சு குடும்ப வழக்கையெல்லாம் தங்க கையில எடுத்துக்கிட்டாங்க. நாட்டுக்கு சுதந்திரம், ஷரீஅத்துக்கு நாங்கன்னு பேரம். இதத்தான் கேட்டேன்.

கடலோர_பாய்:
பேரம்னே வச்சுக்கோங்க, தப்பில்லை, யாரு பேரம் பேசல? ஆனா அதே 1921ல பிரிட்டிஷ் பட்டாளத்துல வேலை பாக்குறது ஹராம்னு சொன்னதுக்கு கராச்சி கோர்ட்ல 2 வருஷம் தண்டனை வாங்குனவங்கள்ல கிலாஃபத் இயக்கத் தலைவர்கள் அலி சகோதரர்களோட மதனியும் ஒருத்தர். மால்டாவுல உஸ்தாத் கூடவே அடைபட்டுக் கிடந்து திரும்புன மறுவருஷம் அது.