நடிப்பைத் தொழிலாக ஏற்பதா, இருக்கும் வேலையில் நிலைப்பதா?

உப்புவெளிப் பெண் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன், வயது 29. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகக் கற்றேன். பின்னர் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடற் கற்கைகளில் பட்டம் பெற்று, நகரிலுள்ள ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற ஆவணியோடு அங்கே ஐந்து வருடம் நிறைவடையும். வேலையில் எனக்குக் குறை இல்லை. சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது; வீட்டுக் கடன் தவணையில் பெரும்பகுதியையும், வவுனியாவில் படிக்கும் தம்பியின் செலவையும் அதிலிருந்துதான் கொடுக்கிறேன். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

இருந்தாலும், ஒத்திகைக்குப் போகும் மாலை நேரங்களுக்காகவே வாரம் முழுவதையும் கடத்துகிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இங்குள்ள நண்பர்களோடு சேர்ந்து மேடை நாடகங்களிலும் சில குறும்படங்களிலும் நடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை யூடியூப்பில் பார்த்ததாகக் கூறி, அண்மையில் சென்னையிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டார். புதிய படமொன்றில் கதாநாயகியின் தமக்கையாக நடிக்க இலங்கைத் தமிழ் பேசும் பெண் தேவைப்படுவதாகவும், சுற்றுலா விசாவில் வந்து மூன்று மாதம் தங்கினால் போதும் என்றும், தங்குமிடச் செலவையும் புகைப்படத் தொகுப்புக்கான கட்டணத்தையும் நானே ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். மாத இறுதிக்குள் பதில் வேண்டுமாம்.

அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். தரகரிடம் சாதகம் கொடுத்திருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சே வெளியில் வரக்கூடாது என்கிறார். நண்பர்களோ லாஸ்லியாவையும் விஜய் சேதுபதியையும் எடுத்துக்காட்டி, துணிந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் அன்பு இருக்கிறது, ஆனால் இத்தொழிலைப் பற்றிய அறிவு இரண்டிலும் குறைவு என்று நினைப்பதால் இங்கே கேட்கிறேன். எனது நிலையில் உள்ள ஒருத்தி நடிப்பைத் தொழிலாகக் கொள்வது சாத்தியந்தானா? சாத்தியமென்றால் எந்த வழியாக?

கல்லடி நாடக ஆசிரியை:

அன்புத் தங்கைக்கு, முதலில் அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதை மறுத்துவிடுங்கள். நடிகரைத் தேடும் தயாரிப்பாளர் நடிகருக்குப் பணம் கொடுப்பாரே தவிர, நடிகரிடமிருந்து பணம் கேட்கமாட்டார். சுற்றுலா விசாவில் சென்று ஊதியத்துக்கு நடிப்பது இந்திய விசா நிபந்தனைகளை மீறுவதாகும். பிடிபட்டால் அனுபவிக்கப் போவது நீங்களே, உங்களை அழைத்தவர் அல்லர். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பின்னர் அது பக்கத்து ஊரைப் போலத் தோன்றுவதால், அங்கே நாம் வெளிநாட்டவர் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

மலையாளத் திரையுலகில் பெண்கள் வேலை செய்யும் நிலைமையை ஆராய்வதற்குக் கேரள அரசு 2017 இல் அமைத்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆவணியில் வெளியானது. சங்கங்களும் சட்டத்தரணிகளும் உள்ள, பெயர் பெற்ற ஒரு துறையிலேயே வாய்ப்புக்காகப் பெண்கள் எவ்வளவு அவமதிப்பைத் தாங்க வேண்டியிருந்தது என்பதை அதில் காணலாம். அந்த ஊரில் உறவோ சங்கமோ இல்லாமல், விசாவுக்கும் அஞ்சிக்கொண்டு நிற்கும் ஒருத்தி தனக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் எந்தக் காவல் நிலையத்துக்குத் துணிந்து போவாள்?

இதனால் நடிப்பையே கைவிடும்படி நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நான் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் கற்று, இன்று பாடசாலையில் அதையே கற்பித்துக்கொண்டு மேடையிலும் நடித்து வருகிறேன். எங்கள் மரபுக் கூத்துகளில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடிய காலம் நீண்டது. அந்த மண்ணில் ஒரு பெண் நாடகத்தையே தொழிலாகக் கொண்டு மரியாதையோடு வாழ முடிகிறது என்பது எனக்குச் சிறிய விடயமல்ல. நம் நாட்டில் நடிப்பால் மட்டும் வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. நடிகமணி வி. வி. வைரமுத்துவைப் போல ஊர் ஊராக மேடையேறி அதிலேயே வாழ்ந்தவர்களின் காலத்தில், விடிய விடிய நாடகம் பார்க்கும் கூட்டம் இருந்தது. கோயில் திருவிழாக்கள் அவர்களை அழைத்தன. இன்று அரங்கில் நிற்பவர்களில் பலர் ஆசிரியர்கள், விரிவுரையாளர்கள், அரச உத்தியோகத்தர்கள். 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது அவரே ஓர் ஆசிரியர்தான்.

உயர்தரம் எழுதிப் பல வருடங்கள் ஆகிவிட்டதால் கல்லடியிலுள்ள அந்த நிறுவகத்தில் இளமாணி மாணவியாக நீங்கள் இனிச் சேர முடியாது. ஆனால் உங்களிடம் ஒரு பட்டம் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நாடகத்துக்கு இரண்டு வருட முதுகலைப் படிப்பு உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை இருக்கிறது. இந்தியக் கலாசார உறவுகள் பேரவை இலங்கை மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களைப் பார்த்து வாருங்கள். மாணவர் விசாவில் இரண்டு வருடம் தமிழ்நாட்டு மேடையையும் மனிதர்களையும் அறிந்துகொண்டு திரும்புவதற்கும், யாரென்று தெரியாத ஒருவரின் வட்ஸ்அப் அழைப்பை நம்பிப் போவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர், உவர்மலை:

பிள்ளைக்கு, எனக்கு நாடகம் பார்க்கத்தான் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியதில் எவரும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது, அது அந்த ஆவணி மாதம்.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்து விலகுபவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும். ஐந்து வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். அதற்கு ஒரு மாதம் முன்னால் விலகினாலும் சட்டப்படி அதைக் கேட்க இயலாது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையை விட்டதும் பெறலாம். அதன் பின் மீண்டும் பெற ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி அப்படியல்ல. பெண்களுக்கு அது 50 வயதில்தான் கிடைக்கும். கலியாணத்தின் பொருட்டு வேலையை விடுவது, வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே முன்னதாகத் தருவார்கள். நடிக்கப் போவது அந்தக் காரணங்களில் சேராது. ஆகவே அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வீட்டுக் கடனுக்கும் தம்பியின் படிப்புக்கும் ஒரு வருடத்துக்குத் தேவையான தொகையை, இரண்டரை மாதச் சம்பளத்தையும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் சேர்த்துத் தாளில் எழுதிப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பது அப்போது தெரியும். நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் ஆவணிக்கு முன் எடுக்க வேண்டாம் என்பதே எனது வேண்டுகோள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு திருமலையான்:

தங்கை, நானும் நம்ம ஊர்தான். சில வருடங்களாகக் கொழும்பில் இருந்து சின்னத்திரையிலும் மேடையிலும் சிறு பாத்திரங்களில் நடித்து வருகிறேன். ஆசிரியை அக்கா சொன்ன எல்லாவற்றுடனும் உடன்படுகிறேன். எனினும் அவர் ஒரு வழியைக் குறிப்பிடவில்லை. நம்மவர்கள் நடிப்பென்றதும் சென்னையைப் பார்க்கிறார்கள். விசா தேவையில்லாத, இரவுப் புகையிரதத்தில் ஏறினால் விடியும்போது போய்ச் சேரக்கூடிய கொழும்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

தர்ஷன் தர்மராஜ் இரத்தினபுரி மாவட்டத்து றக்குவானையிலிருந்து வந்த தமிழர். சிங்களத் திரையிலும் தொலைக்காட்சியிலும் அவர் பெற்ற இடத்தை 2022 இல் அவர் மறைந்தபோது நாடு முழுவதும் எழுந்த துயரம் காட்டியது. அசோக ஹந்தகம 2012 இல் தமிழில் எடுத்த 'இனி அவன்' படத்தில் அவர்தான் நாயகன். நிரஞ்சனி சண்முகராஜாவும் அதில் நடித்தார். நிரஞ்சனி இன்று தமிழிலும் சிங்களத்திலும் அறியப்பட்ட நடிகை. உங்களுக்குச் சிங்களம் எவ்வளவு வரும் என்று நீங்கள் எழுதவில்லை. திருகோணமலையில் நிதி நிறுவனமொன்றில் வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகியிருந்தால் ஓரளவாவது வரும் என்று நினைக்கிறேன். அதை வசனம் பேசுமளவுக்கு வளர்ப்பது, என் அனுபவத்தில், எந்தப் புகைப்படத் தொகுப்பையும் விடப் பயன் தரும். பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் சிங்களத்திலும் தமிழிலும் தயாராவதால் தெளிவான தமிழ்க் குரலுக்கும் இங்கே வேலை உண்டு. எனது வாடகை பெரும்பாலும் குரல் பதிவுகளிலிருந்தே போகிறது.

கசப்பையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாத்திரம் என்றால் வேலைக்காரியாகவோ, போரில் எல்லாம் இழந்தவளாகவோ மட்டும் எழுதும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. கொடுப்பனவு மாதக்கணக்கில் தாமதிக்கும். எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, நீங்கள் கேட்டே தீர வேண்டும். ஈழத் தமிழ்ப் பாத்திரம் வந்தால் அது நமக்கே கிடைக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2015 இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தில் நாயகனாக வந்த எழுத்தாளர் ஷோபாசக்தி நம்மவர். நாயகியாக வந்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னையைச் சேர்ந்த நாடக நடிகை. அவர் அதைச் சிறப்பாகவே செய்தார். தேர்ந்த நடிப்புத்தான் முதலில் பார்க்கப்படுகிறது, பிறந்த ஊர் பிறகுதான்.

நண்பர்கள் சுட்டிய இருவரையும் சற்று உற்றுப் பாருங்கள். லாஸ்லியா 2019 இல் பிக் பாஸ் வீட்டுக்குள் போகும் முன்பே சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். கமெராவின் முன் நிற்பது அவரது அன்றாட வேலையாக இருந்தது. விஜய் சேதுபதி துபாயில் கணக்கு வேலை செய்து திரும்பி, சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலும் கணக்காளராக இருந்து, சிறு சிறு வேடங்களில் பல வருடம் நின்ற பின்னர்தான் 2010 இல் நாயகனானார். இருவரும் சம்பளம் வரும் ஓரிடத்தில் இருந்துகொண்டே கலைக்கு அருகில் நகர்ந்தவர்கள். உங்கள் நிறுவனத்துக்குக் கொழும்பில் கிளை இருக்குமானால், விலகல் கடிதத்துக்கு முன் இடமாற்றக் கடிதம் எழுதுங்கள்.

உப்புவெளிப் பெண்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சென்னைக்காரருக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். அவர் கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாகப் பதில் அனுப்பினார். அதன் பின் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆவணி வரை வேலையில் இருப்பது என்றும் தீர்மானித்திருக்கிறேன். நிறுவனத்துக்குக் கொழும்பில் கிளைகள் உண்டு. இடமாற்றத்தைப் பற்றி நான் இதுவரை யோசித்ததே இல்லை. சிங்களம் பேசுவேன், ஆனால் உச்சரிப்பில் தமிழ் வாடை அடிக்கும். புதுச்சேரியா கொழும்பா என்பதில் இன்னும் தெளிவு வரவில்லை. அம்மாவிடம் இதை எப்படிப் பேசுவது என்பதுதான் இப்போது பெரிய கேள்வி.

திருக்கடலூர் அம்மா:

மகள், எனது மூத்தவள் நடிக்கிறாள். ஆகவே உங்கள் அம்மாவின் இடத்திலிருந்து எழுதுகிறேன். அவள் முதலில் கேட்டபோது நானும் மறுத்தேன். என்னைப் பயமுறுத்தியது நாடகம் என்ற பெயரைவிட, அவள் எங்கே, யாரோடு, எத்தனை மணி வரை இருப்பாள் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான். அவள் தனது ஆசையைப் பற்றிப் பேசிய வரைக்கும் எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஒருநாள் படப்பிடிப்பு நடக்கும் இடத்தின் முகவரி, தயாரிப்பு முகாமையாளரின் தொலைபேசி இலக்கம், கூடவரும் பெண் கலைஞர்களின் பெயர்கள், திரும்பி வரும் பஸ் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தாள். அதன் பிறகு நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். கேள்வி கேட்கத் தொடங்கினால் மறுப்புப் பாதி கரைந்துவிடும்.

அம்மாவிடம் முழு வாழ்க்கைக்கும் சேர்த்து அனுமதி கேட்காதீர்கள். இடமாற்றத்துக்கு மட்டும் கேளுங்கள். கொழும்பில் உறவினர் வீடோ பெண்கள் விடுதியோ எது என்பதை முன்பே பார்த்து வையுங்கள். கலியாணப் பேச்சைப் பொறுத்தவரை, நீங்கள் நடிப்பவர் என்பதைத் தரகர் முதல் நாளே சொல்லட்டும். அதைக் கேட்டு விலகும் குடும்பம் தாலி கட்டிய பின் தெரிந்துகொள்வதைவிட இப்போதே விலகுவது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. உங்கள் அம்மா விரும்பினால் என்னோடு பேசலாம். கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவேன், அங்கேயே சந்திக்கலாம். எனது இலக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.