மழைக்கால ஜுரமும் மெடிக்கல் கடை மாத்திரையும்: உங்கள் அனுபவம் என்ன?

காசிமேட்டிலிருந்து:
என் தம்பி துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறவன். ஐப்பசி மழையில் ஜுரம் வந்ததும் மெடிக்கலுக்குப் போய், "ஜுரம், உடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று வாங்கி வந்தான். அட்டையை வெட்டிக் காகிதக் கவரில் போட்டிருந்தார்கள். எங்கள் அண்ணி நர்ஸ். வெட்டின அட்டையில் மிச்சமிருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "தம்பி, பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கப்பா. இன்னொன்னு டைக்லோஃபெனாக்னு வலி மாத்திரை, இப்போ வேணாம்" என்றார். ரத்தம் பார்த்தால் டெங்கு.

டெங்குவில் ஏற்கெனவே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் மூன்றும் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். ரத்தக் கசிவுக்கு அதுவே வழி. இவையும் ஜுரத்தை இறக்கத்தான் செய்யும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. என்ன ஜுரம் என்று தெரிகிறவரை பாராசிட்டமாலைத் தவிர வேறு வேண்டாம் என்று எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
நான் மெடிக்கல் கவுன்டரில் வேலை பார்த்தவன். காம்பிஃப்ளாம், டோலோ 650, கூடவே ஒரு சளி மாத்திரை என்று சேர்த்துக் கேட்பவர்கள் நிறைய. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபன் 400 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கிறது. டோலோ 650-இல் பாராசிட்டமால் 650, சளி மாத்திரை பலவற்றில் அதே மருந்து 500. ஆக ஒரு வேளைக்கே பாராசிட்டமால் 1,475 மி.கி. மூன்று வேளை போட்டால் 4,425. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவே 4,000 தான், குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் அதிகம். அடி வாங்குவது கல்லீரல். அப்படிக் கேட்பவர்களிடம் ஒன்றை மட்டும் கொடுத்து விளக்குவேன், சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள்.

ஐபுப்ரோஃபனை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். பல்வலி, சுளுக்கு, மாதவிடாய் வலிக்கு அதுதான் நன்றாகக் கேட்கும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வியாசர்பாடியிலிருந்து:
குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என்று இரண்டு விதமாக வருகிறது. கிலோவுக்கு 15 மி.கி. என்று டாக்டர் எழுதினால் 10 கிலோ குழந்தைக்கு 125-இல் 6 மி.லி., 250-இல் 3 மி.லி. என் அக்கா பழைய பாட்டில் அளவிலேயே புது பாட்டிலை ஊற்றப் போனாள், லேபிளைக் காட்டித் தடுத்தேன். அப்புறம், 12 வயதுக்குக் கீழே நிமெசுலைடு என்ற ஜுர, வலி மருந்தைக் கொடுக்க 2011-லேயே தடை வந்துவிட்டது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கியது மிச்சமிருந்தால் பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.