துகள்களைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டினால் கரையிலேயே நின்றுவிடுகின்றன

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியனில், சென்-தெனி நகரில் கடலியல் படிக்கிறேன். 2014 மார்ச் 8 அன்று காணாமற்போன எம்எச்370 விமானத்தின் பிளாப்பரான் என்னும் இறக்கைப் பாகம், 2015 ஜூலை 29 அன்று என் பாட்டி ஊரான சென்-ஆந்த்ரேயின் கரையில் கண்டெடுக்கப்பட்டது. அது வந்த வழியை அறியும் ஆவலில், பைத்தான் கணினி மொழியில், நீரோட்டத்தில் மிதப்பவை செல்லும் வழியைக் கணிக்கும் பார்சல்ஸ் நிரலைக் கொண்டு 1000 கற்பனைத் துகள்களை அந்தக் கரையில் இட்டு, நேரப்படியை (ஒரு கணக்கீட்டிலிருந்து அடுத்ததற்கு நகரும் காலம்) மைனஸ் 10 நிமிடமாக வைத்து, 508 நாள் பின்னோக்கி ஓட்டுகிறேன். பெரும்பாலானவை அசையவே இல்லை. ஏறத்தாழ 28 நாள் ஆனதும் டைம் எக்ஸ்ட்ராபொலேஷன் பிழை காட்டி ஓட்டமே நின்றுவிடுகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரையிலான நீரோட்டக் கோப்புகளை ஏற்றியிருக்கிறேன்.

மறுமொழி 1:
தம்பி, பிழைக்குக் காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. பின்னோக்கி ஓடும் துகள் ஜூலை 28, 27 என்று முந்தைய நாள்களையே கேட்கும். ஜூலை 1-ஐத் தாண்டியதும் அதற்குக் கொடுக்கக் கோப்பு இல்லை. 2014 மார்ச் தொடக்கத்திலிருந்து ஏற்றுங்கள். மைனஸ் குறி நேரப்படிக்கு மட்டும்தான். மொத்த ஓட்டக் காலம் நேர்ம எண்ணாகவே இருக்க வேண்டும். துகளின் வயதைக் கணக்கிடும் வரி எழுதியிருந்தால், அங்கே நேரப்படியின் குறியை நீக்கிக் கூட்டுங்கள். இல்லையெனில் வயது குறைந்துகொண்டே போய், வயது வரம்பில் துகளை நீக்கும் கட்டளை ஒருநாளும் செயல்படாது.

மறுமொழி 2:
அசையாததற்குக் காரணம் வேறு. நீரோட்டக் கோப்பு கடலைக் கட்டங்களாகப் பிரித்தே வேகத்தைத் தருகிறது; பன்னிரண்டில் ஒரு பாகை அளவுள்ள கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அகலம் என்பதால், சென்-ஆந்த்ரே கரை நிலக் கட்டத்துக்குள் விழுந்திருக்கும். அங்கே வேகம் சுழியம். கிழக்கே 20 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. துகள்கள் இப்போது கிழக்கு நோக்கி விரிந்து செல்கின்றன. பரவலுக்காகத் தற்செயல் அசைவையும் சேர்த்திருக்கிறேன். அவை ஒன்றுகூடும் இடத்தைப் புறப்பட்ட இடமாகக் கொள்ளலாமா?

மறுமொழி 3:
கொள்ளக் கூடாது. நீரோட்டத்தைத் திருப்பி ஓட்டலாம்; தற்செயல் அசைவைத் திருப்ப முடியாது. காலம் பின்னே போனாலும் அது துகள்களைச் சிதறடிக்கவே செய்யும் என்பதால், கிடைப்பது சாத்தியமான இடங்களின் பரப்பு மட்டுமே. அந்தப் பரப்பில் பல இடங்களிலிருந்து முன்னோக்கி ஓட்டி, எத்தனை துகள்கள் 2015 ஜூலையில் உங்கள் தீவை நெருங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். காற்றையும் விட்டுவிடாதீர்கள்: எம்எச்370-இன் வகையான போயிங் 777-இன் உண்மையான பிளாப்பரான் ஒன்றை, கிடைத்த பாகத்தைப் போலவே வெட்டிக் கடலில் மிதக்கவிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அது காற்றின் திசைக்கு இடப்புறமாக விலகி விரைவதை 2017-இல் தெரிவித்தார்கள். அந்த விலகலைச் சேர்த்த ஓட்டத்தையும் சேர்க்காத ஓட்டத்தையும் அருகருகே வைத்துப் படம் வரைந்து இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.